திருவல்லிக்கேணிக்கு வந்த இருப்புப்பாதை

தென்னாட்டில் இரும்புத் தண்டவாளம் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட இடம் சென்னை. மக்கள் புகைவண்டியைக் கண்ணால் கண்டிராத 1837ஆம் ஆண்டிலேயே, செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ஒரு பாதை இடப்பட்டது. கொள்ளிடத்தின் குறுக்கே அணை எழுப்பியவரும், பின்னாளில் கோதாவரி அணையால் புகழ்பெற்றவருமான ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரே அதற்கு மூலகாரணர். சாலை போடுவதற்கு வேண்டிய கல்லைச் சுமந்து வருவதே அப்பாதையின் வேலை. மனிதர் ஏறிச் செல்வதற்காக அமைந்ததன்று அது. சில ஆண்டுகளில் மறைந்தும் போயிற்று.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து திருவல்லிக்கேணிக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் இருப்புப்பாதை அந்தச் சிறு தொலைவைக் கடந்து திருவல்லிக்கேணியை அடைவதற்கு 160 ஆண்டுகள் ஆயின. ஆழ்வார்கள் பாடிய கோயிலையும், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டையும் உடைய பழம்பதி அது. பாரதியார் தம் இறுதி நாட்களைக் கழித்த ஊர். கல்லூரிகளும் அச்சகங்களும் மாணவர் விடுதிகளும் நிறைந்த ஊர். நகரின் நடுவே இருந்தும் அதற்கு ஒரு நிலையம் வாய்க்காமற் போனதும், பின்னர் அது வந்து சேர்ந்த வழியும் அறியத்தக்கவை.

பயணிகளை ஏற்றிச் செல்லும் முதல் புகைவண்டி நம் நாட்டில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடிற்று. மூன்றே ஆண்டுகளில் சென்னையும் பின்தொடர்ந்தது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை வண்டி விடப்பட்டது. இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நின்று கொண்டிருக்கிறது. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரமும் துறைமுக வாணிகமும் இருந்தமையால், இருப்புப்பாதைக் கம்பெனியாரின் கண் வடக்கிலேயே இருந்தது. பின்னர், 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. ஹென்றி இர்வின் வரைந்து கொடுக்க, சாமிநாத பிள்ளை என்னும் ஒப்பந்தக்காரர் கட்டி முடித்த எழும்பூர் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது.

ஒரே நகரத்திற்கு இரண்டு பெருநிலையங்கள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை தண்டவாளத்தின் அகலத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர். நம் நாட்டிற்கு இன்னும் அகலமான பாதை வேண்டும் என்று டல்ஹௌசிப் பிரபு முடிவு செய்தார். ஆகவே இங்கே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை வந்தது. சில ஆண்டுகள் சென்றபின், செலவைக் குறைக்க வேண்டும் என்று எண்ணிய மேயோ பிரபுவின் அரசு, ஒரு மீட்டர் அகலமே உள்ள குறுகிய பாதைகளுக்கு இசைவளித்தது. சென்னையிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் சென்ற பாதைகள் அகலப் பாதைகள். அவை சென்ட்ரலில் முடிந்தன. தஞ்சை, திருச்சி, மதுரை எனத் தெற்கே சென்றவை மீட்டர் பாதைகள். அவை எழும்பூரில் முடிந்தன. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. திருப்பதிக்குச் செல்லும் திருவல்லிக்கேணிக் குடும்பம் சென்ட்ரலுக்கும், கும்பகோணத்திற்குச் செல்லும் குடும்பம் எழும்பூருக்கும் மூட்டை முடிச்சுகளோடு போக வேண்டியிருந்தது இதனால்தான். சிக்கனம் கருதிச் செய்த ஒரு முடிவின் சுமையை நூறாண்டுக்கு மேலாகப் பயணிகள் தங்கள் தோளில் சுமந்தனர்.

நிலையம் வரை செல்வதற்கு ஜட்கா வண்டி உண்டு. டிராம் வண்டியும் உண்டு. மின்சாரத்தால் ஓடும் டிராம் 1895ஆம் ஆண்டு மே மாதம் சென்னைத் தெருக்களில் ஓடத் தொடங்கிற்று. இலண்டன் மாநகரிலே கூடக் குதிரைகள் டிராம் வண்டிகளை இழுத்துக் கொண்டிருந்த காலம் அது. 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை டிராம் நின்றுபோன பின்னர், திருவல்லிக்கேணியாருக்குப் பேருந்தே துணையாயிற்று.

இருப்புப்பாதை, ஊர்களை இணைத்ததோடு நில்லாமல் கடிகாரங்களையும் இணைத்தது. முற்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலே சூரியன் வரும் பொழுதை நண்பகலாகக் கொண்டது. சென்னையில் நண்பகல் ஆகும்போது கல்கத்தாவில் அரைமணி கழிந்திருக்கும்; பம்பாயில் நண்பகலுக்கு இன்னும் அரைமணி இருக்கும். மாட்டு வண்டிக்கு இதனால் இடர் ஒன்றும் இல்லை. ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வரும் புகைவண்டிகளுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியார் 1840ஆம் ஆண்டிலேயே தம் பாதை முழுமைக்கும் இலண்டன் நேரத்தைக் கைக்கொண்டனர். நம் நாட்டில் அந்தப் பெருமை சென்னைக்குக் கிடைத்தது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்துவந்த வானாய்வு நிலையம் கணித்துத் தந்த நேரம் தந்தி வழியே பரவிற்று. பல ஆண்டுகள் நாட்டின் இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தைக் கொண்டே இயங்கின. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறத்தாழ நடுவிலே சென்னை நேரம் அமைந்ததும் இதற்கு வசதியாயிற்று. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியப் பொதுநேரம், சென்னையின் பழைய நேரத்தைவிட ஒன்பது நிமிட அளவே முந்தியதாகும்.

அடுத்த பெரும் மாறுதல் 1931ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்தது. கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு, மின்சார வண்டிகள் விடப்பட்டன. பம்பாயில் 1925இல் மின்சார வண்டி வந்திருந்தது. ஆயினும் மீட்டர் பாதையில் மின்சாரம் ஏறியது சென்னையில்தான். இதன் பயனாக மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் நகரோடு ஒட்டிக்கொண்டன. ஏரியாகக் கிடந்த நிலத்தில் 1920களில் உருவாகிய தியாகராய நகருக்கு மாம்பலம் நிலையமே வாயிலாயிற்று. அலுவலகத்திற்கு அருகிலே குடியிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்கவே, மக்கள் தெற்கு நோக்கிக் குடிபெயர்ந்தனர். ஆனால் அப்பாதை எழும்பூர், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் என்று நகரின் மேற்குப் புறமாகச் சென்றது. கிழக்கே கடலோரத்தில் இருந்த திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் அடையாறும் அதனால் பயன்பெறவில்லை. மின்வண்டி வந்த ஊர் வளரவும், வாராத ஊர் தன் பழைய நெரிசலிலேயே இருக்கவும் கண்டோம்.

கிழக்குக் கரையோரம் ஒரு பாதை அமைப்பதற்குத் தடையாக நின்றது நிலம். திருவல்லிக்கேணியின் மாடத்தெருக்களில் எதை இடித்துத் தண்டவாளம் போடுவது? திட்டமிட்டவர்களின் கண்ணில் பட்டது பக்கிங்காம் கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்பவர் வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய கொடும்பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்கு வேலை தரும் பொருட்டு நகரின் ஊடே நீட்டப்பட்டது. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் அதில் நெடுங்காலம் சென்றன. லாரிகள் பெருகப் பெருகப் படகுகள் குறைந்தன. கால்வாய் கழிவுநீர் ஓடையாகத் தாழ்ந்தது. யாருக்கும் வேண்டாததாகிவிட்ட அக்கால்வாயின் கரையிலும் படுகையிலும் தூண்களை நாட்டி, அவற்றின் மேல் பாதையை அமைத்தனர். இந்திய இரயில்வேயில் இவ்வாறு தூண்களின் மேல் செல்லும் முதல் நகரப் பாதை இதுவே. மக்கள் இதனைப் பறக்கும் ரயில் என்று அழைக்கின்றனர்; அரசாங்கம் வைத்த நீண்ட பெயரை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

இம்முறையால் வீடுகள் பல தப்பின என்பது உண்மை. ஆனால் பஞ்சத்தில் வாடியவர்களின் கைகள் வெட்டிய நீர்வழி, தூண்களால் நெருக்கப்பட்டுக் குறுகிற்று என்பதும் உண்மை. மழைக்காலத்தில் நகரத்து வெள்ளம் வடிவதற்கு அக்கால்வாயும் ஒரு வழி. ஓர் ஊருக்குப் புதுவழி திறக்கும்போது பழைய வழி ஒன்று அடைபட்டதைக் கணக்கில் சேர்க்காமல் இத்திட்டத்தைப் புகழ்வது முறையாகாது.

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995ஆம் ஆண்டு நவம்பரிலும், அங்கிருந்து திருவல்லிக்கேணி வழியாகத் திருமயிலை வரை 1997ஆம் ஆண்டு அக்டோபரிலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. 2004இல் திருவான்மியூரையும், 2007இல் வேளச்சேரியையும் பாதை எட்டியது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவு இது. கடற்கரை, கோட்டை, பூங்கா நகர் ஆகிய மூன்று நிலையங்களும் தரையிலே உள்ளன. அப்பால் பாதை மேலேறுகிறது. சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று சென்று, 2014இல் இடையே சேர்க்கப்பட்ட முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தைக் கடந்து, திருமயிலையை அடைகிறது. பின்னர் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி, பெருங்குடி, வேளச்சேரி. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை உள்ள ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு, நிலம் பற்றிய வழக்குகளால் பல்லாண்டுகள் தடைபட்டது. 

இப்பாதையில் செல்லும்போது வலப்புறமும் இடப்புறமும் நோக்கினால் நகரத்தை மாடியிலிருந்து பார்ப்பது போலிருக்கும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டக்களம் அருகிலே தோன்றும். திருவல்லிக்கேணியில் ஒருபுறம் கடற்கரைக் காற்று; மறுபுறம் நெருங்கிய மொட்டை மாடிகளும் அவற்றில் உலரும் துணிகளும். நிலையங்கள் மட்டும் தேவைக்கு மிஞ்சிய பெருங்கட்டடங்கள். முதியோர் பலர் படிக்கட்டுகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்திற்குத் திரும்பிப் போவதுண்டு. கட்டடத்தைப் பெரிதாக்கியவர்கள், தெருவிலிருந்து நடைமேடைக்கு ஏறும் மனிதரின் முழங்காலையும் நினைத்திருக்கலாம்.

இவ்வண்டியை இழுப்பதற்குத் தனி எஞ்சின் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். புகைவண்டியில் முன்னே ஓர் எஞ்சின் நின்று எல்லாப் பெட்டிகளையும் இழுக்கும். மின்தொடர் வண்டியிலோ, இழுக்கும் மோட்டார்கள் இடையிடையே உள்ள சில பெட்டிகளின் அடியிலேயே பொருத்தப்பட்டுள்ளன. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. பெட்டியின் கூரைமேல் உள்ள மடிப்புக் கரம் அக்கம்பியைத் தொட்டுக்கொண்டே சென்று மின்சாரத்தை வாங்குகிறது. பெட்டிக்குள் உள்ள மின்மாற்றி அதன் அழுத்தத்தைக் குறைத்து மோட்டார்களுக்குத் தருகிறது. பல சக்கரங்களில் ஒரே நேரத்தில் விசை பிறப்பதால், வண்டி நின்ற நிலையிலிருந்து விரைவாக வேகம் பிடிக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று நின்று நின்று செல்லும் நகர வண்டிக்கு இது இன்றியமையாதது. இரு கோடியிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆகையால் வண்டி கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை; ஓட்டுநர் இறங்கி மறுகோடிக்கு நடந்தால் போதும். 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை இத்தகைய வண்டிகளை நாட்டின் பல நகரங்களுக்கும் கட்டித் தருகிறது.

இனிக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவோம். இருப்புப்பாதை யாருக்காக என்னும் கேள்விக்கு விடை, கட்டணப் பட்டியலில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் இருப்புப்பாதைகள் தொடங்கிய காலத்தில், கம்பெனியார் செல்வரையே வாடிக்கையாளராகக் கருதினர். ஏழைகள் கூரையற்ற திறந்த பெட்டிகளில், சில வேளை சரக்கு வண்டிகளிலேயே, ஏற்றப்பட்டனர். 1841ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸ் திருநாளுக்கு முன்தினம், இலண்டனில் பாராளுமன்றக் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்த தொழிலாளர் பலர் ஒரு சரக்கு வண்டியின் திறந்த பெட்டிகளில் ஊர் திரும்பினர். சோனிங் என்னுமிடத்தில் மண்சரிந்து பாதையை மூடியிருந்தது. வண்டி அதில் மோதிற்று. தாழ்ந்த பக்கச் சுவர்களையுடைய பெட்டிகளிலிருந்து அவர்கள் தூக்கி எறியப்பட்டனர். எண்மர் அவ்விடத்திலேயே மாண்டனர். இக்கொடுமை நாட்டை உலுக்கிற்று. 1844இல் கிளாட்ஸ்டனின் முயற்சியால் ஒரு சட்டம் பிறந்தது. ஒவ்வொரு பாதையிலும் நாள்தோறும் ஒரு வண்டியேனும் எல்லா நிலையங்களிலும் நின்று செல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரையும் இருக்கையும் வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படலாகாது என்று அச்சட்டம் விதித்தது. அந்நாளைய கூலியாளுக்கு அப்பென்னியும் சிறுதொகையன்று. ஆயினும் ஏழையின் பயணத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைச் சட்டம் முதன்முதலாக ஒப்புக்கொண்டது. 1883இல் வந்த மற்றொரு சட்டத்தின் பயனாக, விடியற்காலையில் குறைந்த கட்டணத்தில் தொழிலாளர் வண்டிகள் பெருகின.

நம் நாட்டின் மூன்றாம் வகுப்பு நெடுங்காலம் இழிநிலையில் இருந்தது. காந்தியடிகள் அதிலேயே பயணம் செய்து, அதன் நெரிசலையும் அழுக்கையும் தாமே கண்டு, 1917இல் விரிவாக எழுதினார். மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல் நீக்கப்பட்டது.

இன்று சென்னைப் புறநகர் வண்டிகளில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். தொலைவு கூடும்போது அது படிப்படியாக ஏறும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 10 ரூபாய்தான். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 33 காசு விழுகிறது. காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் ஒரே கட்டணம். பிரிட்டனில் அவ்வாறன்று. அங்கே நெருக்கடி வேளையில் செல்பவருக்கு ஒரு கட்டணம், ஓய்ந்த வேளையில் செல்பவருக்கு ஒரு கட்டணம், பல நாட்களுக்கு முன்பே வாங்கியவருக்கு வேறொரு கட்டணம். ஒரே பெட்டியில் அருகருகே அமர்ந்த மூவர் மூன்று விலை கொடுத்திருப்பர். வேளைக்குத் தக்க கட்டணத்தால் நெரிசல் குறையும் என்பர். ஆனால் வேலைக்குச் செல்லும் நேரத்தைத் தொழிலாளி தானே தேர்ந்துகொள்வதில்லையே!

ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிடலாம். உறவினரை வழியனுப்ப நடைமேடைக்குச் செல்பவர் வாங்க வேண்டிய சீட்டின் விலை 10 ரூபாய். வண்டியில் ஏறிச் செல்பவரின் சீட்டோ 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. சென்னையில் நிற்பதற்கு ஆகும் செலவு, போவதற்கு ஆகும் செலவைவிட மிகுதி.

நாள்தோறும் செல்பவர்க்குப் பருவச்சீட்டு உண்டு. மாதம் 25 நாள் வேலைக்குச் செல்பவர் போகவும் வரவும் 50 முறை வண்டி ஏறுகிறார். ஆனால் இரண்டாம் வகுப்பு மாதச்சீட்டு, 15 ஒருவழிப் பயணங்களின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 2014ஆம் ஆண்டில் அந்தப் பதினைந்தை முப்பது அளவுக்கு உயர்த்தும் முடிவு வந்தது. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் பழைய கணக்கே மீண்டும் நிலைபெற்றது. மூன்று மாதச் சீட்டுக்கு மாதச்சீட்டைப் போல் 2.7 மடங்கு கட்டணம். அதாவது, முன்கூட்டிப் பணம் செலுத்த இயன்றவருக்கு இன்னும் சிறு சலுகை. கையில் அவ்வளவு பணம் சேராதவருக்கு அச்சலுகை எட்டுவதில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் நெடுந்தொலைவு வண்டிகளின் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும், புறநகர்க் கட்டணமும் பருவச்சீட்டும் தொடப்படவில்லை.

மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்க்கும், பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவியர்க்கும், வீட்டிலிருந்து கல்விக்கூடம் செல்வதற்கு இரண்டாம் வகுப்பு மாதச்சீட்டு இலவசம். திருவல்லிக்கேணியின் ஒரு சந்தில் வாழும் பெண், தரமணியில் உள்ள கல்வி நிலையத்திற்கு வண்டி மாறாமல், கட்டணமும் இல்லாமல் சென்று வரலாம். பேருந்துக் காசுக்கு வழியில்லை என்று படிப்பு நின்றுவிடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. கல்விக்கூடத் தலைமையின் சான்றிதழைக் கொண்டு சென்று சீட்டைப் பெறும் முறையை அறியாமலே பலர் இருந்துவிடுகின்றனர். நிலையங்களில் இதனைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன?

சீட்டின்றிப் பயணம் செய்து பிடிபட்டால், பயணக் கட்டணத்தோடு 250 ரூபாயேனும் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஐந்து ரூபாயை மிச்சப்படுத்த எண்ணுபவர் ஐம்பது மடங்கு இழக்கிறார்.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கற்பட்டிற்கும் இடையே குளிர்சாதன மின்வண்டி ஒன்று விடப்பட்டது. அதில் குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியைப் போல் ஏழு மடங்கு. 2015 முதல் ஓடும் மெட்ரோவில் கட்டணம் 2021ஆம் ஆண்டில் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்று அமைக்கப்பட்டது. வெயிலில் வெந்த நகரத்திற்குக் குளிர்ந்த பெட்டிகள் வேண்டியவையே. ஆனால் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்பவர்கள், கூடையோடு வியாபாரிகள் பெட்டியில் ஏறும் பூக்காரியும் மீன்காரியும், ஐந்து ரூபாய் வண்டிக்கே காத்து நிற்கின்றனர். பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்குக் கொள்கையளவில் இசைவு 2025இல் கிடைத்தபோது, நிலையங்கள் துப்புரவாகும் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. கட்டணம் என்ன ஆகுமோ என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களே அதிகம் பயணம் செய்பவர்கள்.

பயணச்சீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் எழுத்தர் ஒவ்வொரு சீட்டையும் கையால் எழுதித் தந்தார். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அலுவலர், 1830களின் இறுதியில், வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டையும் அதில் நாளைப் பதிக்கும் பொறியையும் கண்டுபிடித்தார். காலையில் முதல் சீட்டின் எண்ணையும் இரவில் கடைசிச் சீட்டின் எண்ணையும் பார்த்தால் எத்தனை விற்றன என்பது தெரிந்துவிடும். எழுத்தர் பணத்தை மறைக்க இயலாது. அந்தக் கெட்டி அட்டையையே உங்கள் தாத்தா பாட்டியர் கையில் பிடித்துப் பயணம் செய்தனர். கணிப்பொறி வந்த பின்னர் அது மெல்லிய தாளாயிற்று. இப்போது கைப்பேசித் திரையில் தோன்றும் எழுத்தாகவும் ஆகிவிட்டது.

பல கம்பெனிகளின் பாதைகளில் ஒரே சீட்டில் செல்வதற்கு, பிரிட்டனில் 1842ஆம் ஆண்டு கணக்குத் தீர்க்கும் நிலையம் ஒன்று ஏற்பட்டது. சீட்டு விற்ற பணத்தைத் தொலைவுக்கேற்பக் கம்பெனிகளுக்குப் பங்கிடுவது அதன் பணி. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், எழும்பூரில் போட் மெயில் ஏறியவர், தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் வண்டி ஏறிக் கொழும்பு செல்ல முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து அவ்வழியை அறுத்தது. கடல் கடந்த பயணத்திற்கே தொடர்வழி இருந்த நகரத்தில், பேருந்தையும் மின்வண்டியையும் மெட்ரோவையும் ஒரே சீட்டில் இணைக்கும் ‘சென்னை ஒன்று’ என்னும் கைப்பேசிச் செயலி 2025ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. இலண்டனில் அத்தகைய பொது அட்டை 2003இலேயே புழக்கத்திற்கு வந்துவிட்டது.

ஒரு வழியின் அருமை அது அடைபடும்போது தெரியும். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை அமைக்கும் பொருட்டு, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் முதல் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. எந்தச் சிந்தாதிரிப்பேட்டையில் 1837இன் கல்வண்டி நின்றதோ, அங்கேயே இந்த வண்டியும் நின்றது. திருவல்லிக்கேணியிலிருந்தும் மயிலையிலிருந்தும் பாரிமுனைக் கடைகளுக்கும் உயர்நீதிமன்றத்திற்கும் துறைமுகத்திற்கும் செல்பவர்கள் அங்கே இறங்கிப் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ தனியாகக் காசு கொடுத்தனர், சிலர் நடந்தனர். சில மாதங்களில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலை பதினான்கு மாதம் நீண்டது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக, வண்டிகள் மீண்டும் கடற்கரை நிலையம் வரை சென்றன. பண்டிகைச் சந்தைக்குப் புறப்பட்ட திருவல்லிக்கேணியார், இடையில் இறங்காமல், பழைய கட்டணத்திலேயே பாரிமுனைப் பக்கம் போய்ச் சேர்ந்தனர்.